பரங்கிமலைக்குப் போன நடவுச் செட்டு

சவுரியம்மாளை எங்கள் வீட்டில் எல்லோரும் ‘அவள்’ என்றுதான் சொல்வார்கள். எட்டு வயதில் நானும் அப்படித்தான் சொன்னேன். அவருக்கு அப்போதே இருபது வயதுக்கு மேல். இங்கே ‘அவர்’ என்றே எழுதப்போகிறேன். ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். இந்த அளவுக்காவது பிடிவாதம் பிடிக்க எனக்கு உரிமை உண்டு.

அவர் பிறந்தது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குடியிருப்பு. பதினான்கு வயதில் தாய் இறந்தார். இடுப்பில் மூன்று வயதுத் தம்பி தேவசகாயம். தகப்பனார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரும்பு வெட்ட எங்கள் ஊரான வளவனூர்ப் பக்கம் வந்து அங்கேயே தங்கிவிட்டார். சவுரியம்மாளுக்குக் கல்யாணம் நடந்தது. ஒரே வருடத்தில் கணவர் அம்மை கண்டு இறந்தார். திரும்பி வந்தவர் நடவுக்குப் போனார், களையெடுக்கப் போனார், அறுப்புக்குப் போனார். தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். கிணற்றுத் தண்ணீர் இறைப்பதைப் போல அதைத் தினமும் செய்தார், யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இருபத்து நான்கு வயதில் பதினாறு பெண்கள் கொண்ட ஒரு நடவுச் செட்டுக்கு அவர் தலைவியானார். எங்கள் பக்கத்து வழக்கம் இது: கழனிக்காரர் பதினாறு பேரிடமும் பேசமாட்டார், ஒருத்தியிடம்தான் பேசுவார். அவள் ஆள் கூட்டி வருவாள், சொன்ன நாளில் நட்டு முடித்துக் கொடுப்பாள். முடிக்காவிட்டால் அடுத்த நடவு வேறு செட்டுக்குப் போய்விடும்.

சவுரியம்மாள் செட்டு நடுவதை நான் வரப்பில் உட்கார்ந்து பல நாள் பார்த்திருக்கிறேன். மோர் கொண்டுபோகும் சாக்கில் போவேன். வீட்டில் இருப்பது எனக்கு எப்போதும் கஷ்டம். அவர் வரிசையின் ஓரத்தில் நிற்பார். மற்றவர்களோடு சேர்ந்து குனிந்து நடுவார், ஆனால் நாலு குத்து வைத்ததும் ஒருமுறை தலையைத் தூக்கி வரிசை முழுவதையும் பார்ப்பார். மெதுவாக நடும் பெண்ணை இரண்டு வேகக்காரிகளுக்கு நடுவில் விடுவார். பிள்ளைத்தாய்ச்சியை வரப்போரம் நிறுத்துவார், முடியாதபோது சட்டென்று ஏறி உட்கார வசதியாக. யார் கையில் எங்கே நாற்று தீரும் என்று கணித்து, அங்கே முன்கூட்டியே ஒரு கட்டு நாற்றைப் போட்டு வைத்திருப்பார். ‘நடு’ என்றோ ‘சீக்கிரம்’ என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. “அந்தாண்ட கொஞ்சம் கோணுதே” என்பார். கோணல் நிமிரும். எல்லோரும் ஒரே நேரத்தில் அடுத்த வரப்பை எட்டுவார்கள்.

இதெல்லாம் ராணுவத்துக்குத் தேவைப்படும் என்று 1962 வரை யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த வருடக் கடைசியில் சீனப் போர் வந்தது. கல்லூரி மாணவர்களை அவசரமாக ராணுவ அதிகாரிகளாக எடுக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டார்கள். என் அண்ணன் சீனுவாசனும் தேவசகாயமும் அப்போது புதுச்சேரியில் பி.ஏ. கடைசி வருடம். வளவனூர் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போவார்கள். ரயிலில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மாலையில் வளவனூரில் இறங்கியதும் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நடந்து வருவார்கள். ஊருக்குள் தேவசகாயம் என் அண்ணனை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடமாட்டார். கூப்பிட வேண்டிய நிலைமையே வராதபடி பார்த்துக்கொள்வார்.

இருவரும் மனுப் போட்டார்கள். விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரில் சைக்கிள் கடை வைத்திருந்த கிருஷ்ணசாமி எங்களுக்குத் தூரத்து உறவு. இருபது வருடம் பட்டாளத்தில் இருந்து அவில்தாராக ஓய்வு பெற்றவர். கடைசி மூன்று வருடம் பெங்களூரில், அதிகாரிகளைப் பொறுக்கி எடுக்கும் இடத்தில், தேர்வு மைதானத்தில் பீப்பாயும் பலகையும் கயிறும் எடுத்து வைக்கிற வேலை. எட்டுப் பத்துப் பையன்களை ஒரு கும்பலாக விட்டு, அந்தப் பலகையையும் கயிறையும் வைத்து ஒரு பள்ளத்தைத் தாண்டச் சொல்வார்களாம். யார் தலைவன் என்று சொல்லமாட்டார்களாம். யார் தலைவனாகிறான் என்று பார்ப்பார்களாம்.

கிருஷ்ணசாமி தார் பீப்பாய் நாலு, ஏலத்தில் எடுத்த பழைய ரயில் கட்டை இரண்டு, கிணற்றுக் கயிறு ஒன்று சேர்த்து, ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்னாலிருந்த பொட்டல் வெளியில் ஞாயிறுதோறும் இருவரையும் பழக்கினார். நெஞ்சை நிமிர்த்து, கையை ஒட்டு, சொன்னதைச் சொன்ன நிமிடத்தில் செய் என்று பழக்கினார். தேவசகாயம் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் அழகைப் பார்த்து, இவன் நிச்சயம் தேறுவான் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஜனவரியில் காட்பாடி வண்டி ஏறி இருவரும் பெங்களூர் போனார்கள். நாலாம் நாள் இருவரும் திரும்பி வந்தார்கள். இருவரையும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கிருஷ்ணசாமி மறுபடி பீப்பாய்களை அடுக்கினார். ரயில்வே பிள்ளைகள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு, “பெங்களூர்ல இன்னா பண்ணீங்களோ, அத அப்படியே பண்ணுங்கடா” என்றார். சீனு பீப்பாய் மேல் ஏறி நின்று அங்கே வை, இங்கே வை என்று கத்தினான். ஒருவரும் காதில் வாங்கவில்லை. தேவசகாயம் ஒரு வார்த்தை பேசாமல் கட்டையைத் தானே தூக்கி வைத்தார், தானே கயிறு கட்டினார், எல்லோரையும் கை பிடித்து அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுக் கடைசியில் வியர்வை சொட்டத் தாண்டினார். மற்றவர்களுக்கு வேலையே இல்லை.

கிருஷ்ணசாமி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார் என்று அண்ணன் சொன்னான். பிறகு தேவசகாயத்தின் தோளைத் தட்டி, தப்பு உன்னுடையது இல்லை என்றாராம். “நான் இருவது வருசம் கட்டை தூக்கினவன். உனக்கும் தூக்கத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன். அவனுங்க தேடறது வேற ஆளு.” அந்த வேறு ஆள் எப்படி இருப்பான் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை போகலாம் என்று விதி இருந்தது. அதற்குமேல் வயதும் ஓடிவிடும், அவசரமும் தீர்ந்துவிடும். தேவசகாயத்துக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வாய்ப்புதான்.

மே மாதம், கோடைப் போகமான சொர்ணவாரி நடவு நடந்துகொண்டிருந்தது. அப்பாவைப் பார்க்கச் சைக்கிளில் வந்த கிருஷ்ணசாமி எங்கள் கழனி ஓரம் இறங்கினார். மோர்ப் பானையோடு நான் அங்கே இருந்தேன். சவுரியம்மாள் செட்டு நட்டுக்கொண்டிருந்தது. கிருஷ்ணசாமி சைக்கிளை ஸ்டாண்ட் போடக்கூட மறந்து, ஹாண்டிலைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றார். எனக்கு மோர் புளித்துவிடும் போலிருந்தது. கடைசியில் என்னிடம் கேட்டார்: “இந்தம்மா எந்த ரெஜிமெண்ட்டு?”

தேவசகாயத்தின் அக்கா என்று சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றே சவுரியம்மாளிடம் கேட்டார். பையன்கள் இருவரையும் உன் செட்டில் சேர்த்துக்கொள், ஆளை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று பார்க்கட்டும் என்றார். சவுரியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. “படிச்ச புள்ளைங்களுக்குச் சேத்துல இன்னாங்க வேலை? நான் இன்னா வாத்தியாரா?” என்றார். பெங்களூர் என்ற சொல்லைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. மூன்று நாள் இருவரும் வரப்பில் நின்று வாய் திறக்காமல் பார்க்க வேண்டும், பிறகு ஆளுக்கொரு நாள் செட்டை விடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் சீனுவுக்கு. அவன் அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு போய் வரப்பில் நின்றான். செட்டில் மூத்தவர் அம்மணி. அந்த அம்மாளுக்கு நாக்கு அரிவாள். “இன்னாடி, அப்பன் குடைய மட்டும் அனுப்பியிருக்காரா?” என்று பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த வீரம்மாளிடம் கேட்டார், சீனுவுக்குக் கேட்கும்படி. சீனு “நேராப் போங்க, ஜல்தி” என்று கத்தினான். பெண்கள் நேராகப் போனார்கள். அந்தக் கழனி கிழக்கு மூலையில் கோணலாகத் திரும்பும். அவர்கள் திரும்பவில்லை. மூலை அப்படியே சேறாகக் கிடக்க, எதிர் வரப்பில் ஏறி நின்றுகொண்டார்கள்.

“நேராத்தானே தம்பி போவச் சொன்னீங்க” என்றார் அம்மணி.

சீனு குடையைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை, ஆனால் மறுநாளும் போனான். அவனைப் பற்றி எனக்குப் பெருமையான விஷயங்களில் அது ஒன்று.

தேவசகாயத்தின் நாளுக்கு வந்தது ஏரிக்கரை ஓரத்துப் பெரிய கழனி. ஏரியிலிருந்து முறை வைத்து விடுகிற தண்ணீர் அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. அடுத்த முறை ஐந்து நாள் கழித்து. நாற்று முழுவதும் பறித்தாகிவிட்டது. அப்பாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. அவர் பெயர் சுப்பராயலு. ஊரில் அவர் குரல் கேட்டால் மாடுகூட நிற்கும். பயல்கள் விளையாட என் கழனிதான் கிடைத்ததா என்று கேட்டார். பிறகு சவுரியம்மாளைக் கூப்பிட்டு, இன்று பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் மிச்ச சொர்ணவாரியைக் கண்டாச்சிபுரம் செட்டுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொன்னார்.

சவுரியம்மாள் அப்போதே, சரிங்க, இன்றைக்கு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தம்பிக்கு ஒரு சின்னக் கழனியை இன்னொரு நாள் கொடுத்திருக்கலாம். நான் வழியில் அவரைப் பிடித்து அதைத்தான் கேட்டேன்.

“சின்னக் கழனில இன்னா தெரியும் பாப்பா” என்றார். “அவன பெங்களூர்ல இன்னொரு தபாதான் கூப்புடுவாங்க. எனக்கு அடுத்த வருசமும் நடவு வரும்.”

பதினாறு பேரும் இறங்கி வரிசை கட்டினார்கள். தேவசகாயம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு கட்டு நாற்றை எடுத்தார், பிரித்தார், குனிந்தார். நட ஆரம்பித்துவிட்டார். அவர் வளர்ந்த இடத்தில் வேலை செய்கிறவன் குனிவான். வரப்பில் நிமிர்ந்து நிற்கிறவன் கழனிக்காரன். இரண்டில் ஒன்றாக இருக்கச் சொன்னால் அவருக்கு எது வரும்? அவருடைய அத்தைகளும் பெரியம்மாக்களும் முதுகு ஒடிய நடும்போது எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவருக்கு அசிங்கமாக இருந்திருக்கும்.

வரிசை ஓரத்திலிருந்து சவுரியம்மாள் நிமிர்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

“தேவா, நீயும் குனிஞ்சிட்டா எங்கள யாருடா பாக்கிறது?”

தேவசகாயம் கையில் நாற்றோடு அப்படியே நின்றார். பிறகு அந்த நாற்றைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தார். முதல் அரை மணி நேரம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். அப்புறம் பார்க்க ஆரம்பித்தார். வீரம்மாள் அப்போது ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அவரை வரப்போரம் மாற்றினார். அம்மணிக்கு இரண்டு பக்கமும் வேகமான கைகளை விட்டார். வரிசைக்குப் பின்னாலேயே சேற்றில் நடந்து வந்தார். பத்து மணிக்கு நடு வரிசையில் நாற்று தீர்ந்துபோய்க் கைகள் நின்றன. நாற்றங்காலிலிருந்து கட்டு சுமக்க ஆள் போதவில்லை.

என் அண்ணன் வரப்பில் சும்மா நின்றுகொண்டிருந்தான். தேவசகாயம் அவனைப் பார்த்தார்.

“சீனு, நடுவுல நாத்து கொறையுது. எறங்கி எடுத்துப் போடு.”

பதினாறு பெண்களின் கையும் நின்றது. எதிர் வரப்பில் அப்பா நின்றிருந்தார். எங்கள் ஊரில், எங்கள் கழனியில், ஊருக்கு வெளியே இருந்த அவர்கள் குடியிருப்பிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பெயர் சொல்லி வேலை ஏவியது அதுதான் முதல்முறை. நான் மோர்ப் பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சீனு சட்டையைக் கழற்றிப் பூவரசங்கிளையில் மாட்டினான். இறங்கினான். இரண்டு கையிலும் நாற்றுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடு வரிசைக்குப் போனான். அப்பா குடையை மடக்கினார். என்ன நினைத்தாரோ, மறுபடி விரித்தார்.

“நல்லா வீசுங்க தம்பி, மூஞ்சில அடிக்காம” என்றார் அம்மணி. வேலை மறுபடி ஓடியது.

மூன்று மணிக்கு முக்கால் கழனி பச்சையாகிவிட்டது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தால் முடிந்துவிடும். அப்போது செஞ்சிப் பக்கம் கறுத்தது. கோடை மேகம் வந்தால் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் வந்துவிடும். ஒரு மின்னல், பின்னாலேயே இடி. சமதரை, கழனிக்குள் இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி இல்லை, கணுக்கால் வரை தண்ணீர், அதில் பதினெட்டு பேர்.

தேவசகாயம் வானத்தைப் பார்த்தார், மிச்சச் சேற்றைப் பார்த்தார். எல்லோரையும் ஏறச் சொன்னார்.

ஒருவரும் ஏறவில்லை. இன்னும் ரெண்டு பாத்திதானே, இதைவிடப் பெரிய இடியெல்லாம் பார்த்தாச்சு என்று அம்மணி முனகினார். சவுரியம்மாளும் கையை நிறுத்தாமல், “தேவா, முடிச்சிர்லாம்டா” என்றார். முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும்.

தேவசகாயம் சேற்றில் நடந்து அக்காவுக்கு எதிரே போய் நின்றார். “அக்கா, நீ மொதல்ல ஏறு. நீ ஏறினாத்தான் அவங்க ஏறுவாங்க.”

சவுரியம்மாள் தம்பியின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த நாற்றைத் தண்ணீரில் வைத்துவிட்டு வரப்பில் ஏறினார். பின்னாலேயே எல்லோரும் ஏறினார்கள். தேவசகாயம் வீரம்மாளைக் கைபிடித்து ஏற்றிவிட்டார், சீனுவைத் தேடிப் பார்த்து அவனும் ஏறிய பிறகு தானும் ஏறினார். எல்லோரும் பக்கத்துக் கழனி மோட்டார் கொட்டகைக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

இடித்தது. மூன்று மணி நேரம் விட்டு விட்டு மின்னியது. ஒரு சொட்டுக்கூட விழவில்லை. மேகம் எங்களைத் தாண்டிக் கடல் பக்கம் போய்விட்டது. எங்கேயும் இடி விழவும் இல்லை. வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, மடையில் தண்ணீர் வரத்து நின்றுபோயிருந்தது, கால் கழனி சேறு வெறுமையாகக் கிடந்தது.

அப்பா கொட்டகை வாசலுக்கு வந்து, ஒரு சொட்டு விழுந்ததா என்று சவுரியம்மாளைக் கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் தேவசகாயம் முன்னால் வந்தார்.

“ஏறச் சொன்னது நான்ங்க. அக்கா முடிச்சிர்லாம்னுதான் சொன்னாங்க.”

“அப்ப நீதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன்ங்க. மறுபடியும் இப்படி இடிச்சா, மறுபடியும் ஏறத்தான் சொல்லுவேன்.”

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. மறுநாள் காலை கண்டாச்சிபுரத்துக்கு ஆள் போனது. சொன்ன சொல்லை அப்பா மாற்றிக்கொள்ள மாட்டார். அந்தக் குணத்தால் எங்கள் வீட்டில் எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது, அன்று நடந்தது அநியாயம்.

பதினாறு பெண்களுக்கும் வளவனூரில் அந்தப் பருவம் போய்விட்டது. சில பேர் தேவசகாயத்தை வாய்விட்டே திட்டினார்கள். அம்மணி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் சவுரியம்மாள் வீட்டுக்குப் போனபோது அவர் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். தம்பி செய்தது சரிதானா என்று அவரிடமே கேட்டேன். எனக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

“நானா இருந்தா முடிச்சிட்டுத்தான் ஏறியிருப்பேன்” என்றார். கொஞ்ச நேரம் புடைத்தார். “எட்டு வருசமா அப்படித்தான் முடிச்சிக்கினு இருக்கேன். எல்லாம் பத்திரமா ஊடு வந்து சேந்தது என் சாமர்த்தியம்னு நெனச்சேன். அது மாதா புண்ணியம் பாப்பா. அவன் புண்ணியத்த நம்பல, ஆளப் பாத்தான்.”

அடுத்த வாரம் செட்டைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊர்ப் பக்கம் போனார். திண்டிவனம் சுற்றி ஒவ்வொரு ஏரிக்குக் கீழும் கழனி கழனியாக நின்று வேலை கேட்டார். தெரியாத முகம், நாலு நாள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஐந்தாம் நாள் ஒருவர் அரைக் கழனி கொடுத்தார். அது முடிந்த விதத்தைப் பார்த்துப் பக்கத்துக் கழனிக்காரர் கூப்பிட்டார். செட்டில் ஒருத்திகூட விட்டுப்போகவில்லை, திட்டிக்கொண்டே எல்லோரும் கூடவே இருந்தார்கள்.

ஜூலையில் இருவரும் மறுபடி பெங்களூர் போனார்கள். அங்கே நடந்ததை அண்ணன்தான் எனக்குச் சொன்னான். மைதானத்தில் தேவசகாயம் கட்டையைத் தொடவே இல்லையாம். மற்றப் பையன்களை ஒருமுறை பார்த்துவிட்டு, யார் எடை குறைவு, யாருக்குக் கயிறு வரும் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாராம். பள்ளத்தை எல்லோருமாகத் தாண்டினார்களாம். நேர்முகத்தில், நீ எப்போதாவது ஆட்களை வைத்து ஒரு வேலையை முடித்திருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். முடிக்கவில்லை என்று சொல்லி, அந்தக் கழனியின் கதையைச் சொன்னாராம். மழை பெய்யவில்லை என்பதையும், அக்காவுக்கு வேலை போனதையும் மறைக்கவில்லையாம்.

தேவசகாயத்தை எடுத்துக்கொண்டார்கள். பரங்கிமலைப் பயிற்சிப் பள்ளிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. என் அண்ணனை எடுக்கவில்லை. அவன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தானே போய் கிராம சேவக் வேலைக்கு மனுப் போட்டான். இன்றைக்கும் விவசாயிகளிடம் பேசப் போனால் குடை எடுத்துப் போவதில்லை.

1964 பிப்ரவரியில் பயிற்சி முடிந்து அணிவகுப்பு. வீட்டார் இரண்டு பேர் வரலாம் என்று தேவசகாயம் எழுதி, இரண்டு பாஸ் அனுப்பியிருந்தார். சவுரியம்மாள் கடிதத்தைக் கிருஷ்ணசாமியைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்டார். செட்டுக்குச் சேதி சொன்னார். அன்று பதினாறு பேருக்கும் வேலை இல்லை, அவன் ஏறச் சொன்னதால் ஒரு பருவத்தைப் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று சவுரியம்மாள் முடிவு செய்துவிட்டார். என்னையும் கூப்பிட்டார். கிருஷ்ணசாமி மாமா துணைக்கு வருகிறார் என்று சொல்லி வீட்டில் அனுமதி வாங்கினேன்.

முந்தின நாளே மாமாவோடு செட்டு தங்கியிருந்த திண்டிவனத்துக்குப் போய், அங்கே விடியற்கால வண்டி ஏறினோம். செங்கல்பட்டைத் தாண்டி நான் போனது அதுதான் முதல்தடவை. ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தார்கள். மடியில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை. அன்று ஓட ஆரம்பித்த வண்டிதான் என்னை ஆஸ்பத்திரி வேலைக்காக நாக்பூருக்கும் கல்கத்தாவுக்கும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக்கும் கொண்டுபோனது என்று நினைத்துக்கொள்வேன். தாம்பரத்தில் மின்சார வண்டி மாறினோம். கதவு ஓரம் நிற்கக் கூடாது என்று சவுரியம்மாள் பதினாறு பேரையும் எண்ணி உள்ளே நிறுத்தினார்.

பயிற்சிப் பள்ளி வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு எங்களைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு பேர்தான், அதற்குமேல் ஒருவர்கூடக் கூடாது என்றார். நியாயம்தான். அக்காவும் அவில்தாரும் போகட்டும் என்று எல்லோரும் நினைத்தோம். கிருஷ்ணசாமி சட்டையில் பழைய மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்.

சவுரியம்மாள் இரண்டு பாஸையும் அம்மணியிடமும், கைக்குழந்தையோடு வந்திருந்த வீரம்மாளிடமும் கொடுத்தார்.

“ஏன், நீ போவலியா?” என்று அம்மணியே பதறினார்.

“நீதான் அவங்கிட்ட இன்னும் பேசாம கீற. நீதான் பாக்கணும். நான் அவன எப்ப வேணா பாத்துக்கறேன்.”

அவர்கள் உள்ளே போனார்கள். நாங்கள் சாலையோரப் புளிய மரத்தடியில் உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் வாத்தியம் கேட்டது, பூட்ஸ் சத்தம் கேட்டது. கிருஷ்ணசாமி உட்கார மறுத்து, மரத்தடியில் விறைப்பாக நின்று, காதால் கேட்டே எங்களுக்கு எல்லாவற்றையும் சொன்னார். இப்போது திரும்புகிறார்கள், இப்போது மெதுநடை, இப்போது ஜெனரல் சலாம் எடுக்கிறார். சுவரைப் பார்த்து அவர் சலாம் வைத்தபோது பெண்கள் சேலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண் நிறைந்திருந்ததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

முதலில் அம்மணிதான் வெளியே வந்தார். “அத்தினி பேரும் ஒரே மாரி கீறானுங்க. நம்ம பையன் எவன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ளாற பாதி முடிஞ்சிபோச்சி” என்று குறைபட்டார். பின்னாலேயே தேவசகாயம், தோளில் நட்சத்திரத்தோடு, ஒரு கையில் வீரம்மாளின் குழந்தையை வைத்துக்கொண்டு வந்தார். பெண்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள், துணியைத் தொட்டுப் பார்த்தார்கள், பித்தளைப் பொத்தான்களைத் தடவினார்கள். சவுரியம்மாள் கூட்டம் விலகும்வரை காத்திருந்தார். எத்தனை பேரை உன்னிடம் விடுவார்கள் என்று கேட்டார். முப்பதுக்குமேல் என்றார் தேவசகாயம்.

“மொதல்ல பேரத் தெரிஞ்சிக்கோ. யாரு ஊட்ல இன்னா கஷ்டம்னு தெரிஞ்சிக்கோ. அப்புறமா வேல சொல்லு.”

மறுநாள் களையெடுப்பு இருந்தது. மத்தியான வண்டிக்கே திரும்பினோம்.

போன மாதம் திண்டிவனம் போய் அவரைப் பார்த்தேன். செட்டில் இப்போது இருபத்திரண்டு பேர். தம்பி கேப்டனாகிவிட்டார். தன்னோடு வந்து இருக்கச்சொல்லிக் கூப்பிடுகிறாராம். செட்டை விட்டுவிட்டு எப்படி வருவது என்று இவர் போகவில்லை. நான் வாழ்ந்த ஊர்களையெல்லாம் கேட்டார். மொழி தெரியாத இடங்களில் முன்பின் தெரியாத நர்சுகளையும் ஆயாக்களையும் வைத்து வேலை வாங்க வேண்டி வந்தபோது, நான் ஒவ்வொருமுறையும் நினைத்துப் பார்த்தது இவரைத்தான் என்று சொல்ல நினைத்தேன். நன்றி சொல்லத்தான் போயிருந்தேன். அதற்குள் அவர் பெட்டியைத் திறந்து இரண்டு கடிதங்களை எடுத்து நீட்டினார். மாதா கோயில் சாமியார் ஏற்கெனவே படித்துக் காட்டியதுதான், நீயும் ஒருமுறை படி என்றார்.

முதல் கடிதம் 1965 ஆகஸ்டில் எழுதியது. நலம் என்ற ஒரு வரிக்குக் கீழே பெயர்கள் மட்டும், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊரும் வீட்டு விவரமும். முப்பத்து நான்கு பேர். இரண்டாவது, பாகிஸ்தான் போர் முடிந்தபின் அக்டோபரில் பஞ்சாப் எல்லையிலிருந்து. அதே மாதிரி பெயர்கள். எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு.

இரண்டாவதில் இல்லாத இரண்டு பெயர்களை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். ஒன்று மலையாளப் பெயர். அதை அவர் இரண்டு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இருவருக்கும் வருடாவருடம் பூசை வைக்கிறாராம்.

“அந்த ரெண்டு பேரு ஊட்டுக்கும் அவனே எழுதினானா பாப்பா? சாமியாரு படிச்சப்ப இத கேக்க வுட்டுட்டேன்.”

கடிதத்தின் கடைசியில் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் தானே எழுதியதாகவும், விடுமுறையில் இரண்டு வீட்டுக்கும் நேரில் போகப் போவதாகவும் எழுதியிருந்தார். படித்துக் காட்டினேன்.

“அப்ப சரி” என்று சொல்லி, கடிதங்களை வாங்கி மடித்தார்.